முதல் எழுத்து எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்து பிறந்த கதையை எடுக்கும் வாரத்தில் மட்டும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்களும் வாசலிலேயே நின்று கேள்வி கேட்பார்கள். வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி மெசப்பொத்தேமியாவை, அதாவது இன்றைய இராக்கை ஒட்டிய பழைய நாட்டைப் பற்றியே இருக்கும். எழுத்து ஒன்றுமில்லாத நிலையிலிருந்து படிப்படியாக உருவானது அங்கேதான் மண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கிடைத்திருக்கிறது, அதனால்தான்.

உலகத்திலேயே முதல் எழுத்து எது? ஒரே வரியில சொல்லுங்க.

இதுவரை கிடைத்ததில் பழையது, இன்றைய இராக்கின் தெற்குப் பகுதியில் உரூக் என்ற நகரத்தில், கி.மு. 3300 வாக்கில் ஈரக் களிமண்ணில் கீறப்பட்டது. அந்த இடத்துக்கு இப்போது வார்கா என்று பெயர். எகிப்து கிட்டத்தட்ட அதே காலத்தில் பின்னாலேயே வருகிறது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்படி என்னதான் எழுதி வச்சிருந்தாங்க? கதையா, சாமி பாட்டா?

இரண்டும் இல்லை. கணக்கு. உரூக்கின் பெரிய கோயில் வளாகத்தில் ஜெர்மானிய அகழாய்வாளர்கள் தோண்டியெடுத்த பழைய பலகைகளும் துண்டுகளும் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கும். அவற்றில் பத்தில் எட்டுக்கும் மேல் வரவு செலவுதான். இத்தனை ஆடு வந்தது, இத்தனை படி பார்லி போனது, பீர் காய்ச்ச இவ்வளவு மால்ட் கொடுத்தது, வேலையாட்களுக்கு இவ்வளவு ரேஷன். அந்தக் காலத்துப் பலகை ஒன்றில் 37 மாதங்களுக்கான பார்லிக் கணக்கு, ஏறத்தாழ 1,35,000 லிட்டர், எழுதி அதன் ஓரத்தில் 'குஷிம்' என்று படிக்கத்தக்க இரண்டு குறிகள் இருக்கின்றன. அது ஒரு ஆளின் பெயரா, ஒரு பதவியின் பெயரா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆளின் பெயர்தான் என்றால், நமக்குத் தெரிந்து எழுத்தில் பதிவான மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஒரு அரசனுடையது அல்ல, பார்லி கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஒரு கணக்கப்பிள்ளையுடையது. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும்.

மீதியுள்ள பலகைகள் சொற்பட்டியல்கள். மீன் வகைகள், மரச்சாமான்கள், ஊர்கள், பதவிகள் என்று வரிசையாக எழுதிய பயிற்சி ஏடுகள். பதவிகளின் பட்டியல் ஒன்றை ஆயிரம் ஆண்டுக்கு மேல் வரிசை மாறாமல் நகல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கணக்கு எழுத எழுத்தா வேணும்? கோடு போட்டா போதாதா?

சின்ன ஊருக்குப் போதும். எழுத்துக்கு வெகு காலம் முன்பே, கி.மு. 8000 வாக்கிலிருந்து, மேற்கு ஆசியா முழுக்கச் சின்னச் சின்னக் களிமண் வில்லைகள் கிடைக்கின்றன. உருண்டை, கூம்பு, தட்டு, நீள்உருளை என்று பல வடிவம். இவை எண்ணுவதற்கான டோக்கன்கள் என்று டெனிஸ் ஷ்மாண்ட் பெஸ்ஸெரா என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து விரிவாக எழுதினார். அப்புறம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில், நகரங்கள் பெருத்து, யார் யாரிடம் எவ்வளவு கொடுத்தது என்ற தகராறும் பெருத்தபோது, டோக்கன்களை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, வெளியே முத்திரை உருட்டி வைத்தார்கள். உள்ளே எத்தனை என்று பார்க்க உடைக்க வேண்டுமே, அதற்காக மூடுமுன் டோக்கனை வெளிப்பக்கத்திலும் அழுத்தித் தடம் பதித்தவர்கள் உண்டு. தடம் வெளியே இருக்கும்போது உள்ளே டோக்கன் எதற்கு? உருண்டை தட்டையானது, தடம் மட்டும் மிஞ்சியது.

இப்படி உருண்டைக்குள் வைக்கும் பழக்கத்துக்கு ஒரு அருமையான சாட்சி பின்னாளில் கிடைத்தது. வடக்கு இராக்கில் நூஸி என்ற இடத்தில், கி.மு. 1500 வாக்கிலான முட்டை வடிவக் களிமண் கூடு ஒன்று. வெளியே ஈன்ற பெண்ணாடு 21 என்று தொடங்கி, கிடா, குட்டி, வெள்ளாடு என வகை வகையாக மொத்தம் 49 உருப்படி எழுதியிருந்தது. உள்ளே சரியாக 49 கற்கள். எழுத்து வந்து இரண்டாயிரம் வருஷம் ஆகும் வரைக்கும், படிக்கத் தெரியாத மேய்ப்பனுக்காகக் கல்லும் கூடவே போயிருக்கிறது.

அந்த டோக்கன்தான் எழுத்தா மாறிச்சுன்னு உறுதியா சொல்ல முடியுமா?

எண்களைப் பொறுத்தவரை வழி தெளிவாகத் தெரிகிறது. எண் தடங்கள் மட்டும் உள்ள பலகைகள் முதலில் வருகின்றன, பொருளைக் குறிக்கும் குறிகள் அதற்குப் பிறகு. ஆட்டுக்கான குறி, வட்டத்துக்குள் ஒரு கூட்டல் அடையாளம், அப்படியே அதே மாதிரி டோக்கனும் உண்டு. ஆனால் எல்லாக் குறிக்கும் ஒரு டோக்கன் மூலம் காட்ட முடியவில்லை, அதை எதிர்த்து எழுதியவர்கள் நிறைய. என் கருத்து, எண் டோக்கனிலிருந்து வந்தது, பொருள் குறிகள் பல இடத்திலிருந்து வந்தவை, முத்திரைகளில் இருந்த சித்திரங்கள் உட்பட. ஒரே ஊற்றைத் தேடினால் ஏமாந்துபோவோம்.

எண்ணு எழுதினாங்கன்னா நம்ம மாதிரி 1, 2, 3 தானா?

இல்லை, இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். எண்ணும் பொருளைப் பொறுத்து எண் முறையே மாறியது. பத்துக்கும் மேற்பட்ட முறைகள் இருந்தன. ஒரு சின்ன வட்டக் குழி ஆடு எண்ணும்போது 10, அதே குழி பார்லி அளக்கும்போது 6. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நம் பாட்டிமாருக்கு இது புரியும். நெல்லுக்கு 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். அதே வீட்டில் தேங்காயை யாரும் மரக்காலில் எண்ணுவதில்லை. 'எட்டு' என்ற எண் தனியாக ஆகாயத்தில் நிற்பது பிற்காலச் சிந்தனை. முதலில் இருந்தது எட்டு ஆடு, எட்டு படி. அவர்களுடைய முறைகளில் ஒன்று அறுபதை அடிப்படையாகக் கொண்டது, அதுதான் பாபிலோனிய வானியல் வழியாக நம் கடிகாரத்தின் 60 நிமிடம், 60 விநாடியாக இன்றும் ஓடுகிறது.

ஏன் களிமண்? கல்லு, ஓலை எல்லாம் இல்லையா?

தெற்கு மெசப்பொத்தேமியா இரண்டு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம். நல்ல கல் இல்லை, பெரிய மரம் இல்லை. காலுக்கடியில் களிமண்ணும் சதுப்பில் நாணலும் வேண்டிய மட்டும் கிடைத்தன. களிமண் பலகை, நாணல் எழுத்தாணி, செலவே இல்லை.

இன்னொன்று, இது நமக்கு அடித்த அதிர்ஷ்டம். ஓலையும் தோலும் தீப்பிடித்தால் சாம்பல், களிமண் தீப்பிடித்தால் செங்கல். கி.மு. 612-ல் நினிவே நகரம் எரிந்தபோது அங்கே அசூர்பனிபால் அரசன் சேர்த்துவைத்திருந்த பலகைகள் நெருப்பில் வெந்து இறுகின. அந்தத் தொகுப்பில் கிடைத்த பலகைகளும் துண்டுகளும் சுமார் 30,000. நகரத்தை அழிக்க வைத்த தீ நூலகத்தைக் காப்பாற்றிவிட்டது.

படம் வரைஞ்சதுதானே முதல் எழுத்து? அப்புறம் ஏன் ஆப்பு ஆப்பா இருக்கு?

பாதி சரி. தலை, மீன், கதிர், குடம் போன்றவை பார்த்தவுடனே தெரியும் படங்கள். ஆனால் மேலே சொன்ன ஆட்டுக் குறியைப் பாருங்கள், அதில் ஆடு எங்கே இருக்கிறது? தொடக்கத்திலிருந்தே பல குறிகள் படமே இல்லை, பழகினால்தான் தெரியும். சில குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். மனிதத் தலைக்கு முன்னால் ஒரு ரேஷன் கிண்ணம் வைத்தால் 'சாப்பிடுதல்'. அந்தக் கிண்ணத்தின் வடிவமும் கற்பனை இல்லை, சாய்ந்த விளிம்புள்ள மொத்தையான மண் கிண்ணங்கள் அந்தக் காலத்து ஊர்களில் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன.

ஈரக் களிமண்ணில் வளைகோடு இழுத்தால் ஓரத்தில் மண் மேலெழும்பிக் கோடு அசிங்கமாகும். அதனால் இழுப்பதை விட்டுவிட்டு நாணலின் முனையை அழுத்த ஆரம்பித்தார்கள். அழுத்தினால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்பு மாதிரி தடம் விழும். சில நூறு வருஷத்தில் எல்லாப் படங்களும் ஆப்புகளின் சேர்க்கையாகிவிட்டன. குறிகள் அப்படியே 90 பாகை சாய்ந்தும் போயின, தலை மல்லாக்கப் படுத்துக்கொண்டது. ஆப்பெழுத்து என்கிற பெயர் இதனால்தான்.

குகையில மாடு, மான் வரைஞ்சிருக்காங்களே, அது எழுத்து இல்லையா?

அதை ஓவியம் என்றுதான் சொல்வேன், அதற்கு அதனால் மதிப்புக் குறையாது. எழுத்து என்றால் குறிகளின் தொகுதி ஒன்று இருக்க வேண்டும், அதே குறி அதே பொருளில் திரும்பத் திரும்ப வர வேண்டும், எழுதாத இன்னொருவர் எடுத்து அதே செய்தியைப் பெற முடிய வேண்டும். குகை மாட்டைப் பார்த்து நான் ஒன்று சொல்வேன், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், இரண்டும் தப்பில்லை.

படத்தால 'உயிர்' மாதிரி கண்ணுக்குத் தெரியாத விஷயத்தை எப்படி எழுதினாங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்த வகுப்பையே எடுக்கிறேன் என்று சொல்லலாம். பலகையில் ஓர் ஆற்றை வரைகிறேன், இரண்டு நெளிகோடு. 'இது என்ன?' என்றால் 'ஆறு' என்பார்கள். 'சரி, இப்போது எத்தனை ஆடு என்று சொல்லுங்கள்' என்று ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டை வரைவேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பிள்ளை கத்தும், 'ஆறு ஆடு!' அவ்வளவுதான், ஐயாயிரம் வருஷத்துக்கு முன் நடந்த கண்டுபிடிப்பு அந்த அறையில் மறுபடி நடந்துவிட்டது. படம் ஆற்றைக் காட்டுகிறது, நாம் படிப்பது எண்ணை, நடுவில் இருப்பது ஒலி மட்டும். கால் வரைந்து கால் பங்கு என்று படிக்கலாம், மாலை வரைந்து சாயங்காலம் என்று படிக்கலாம்.

அன்று தெற்கு மெசப்பொத்தேமியாவில் பேசிய சுமேரிய மொழியில் 'தி' என்றால் அம்பு. 'தி' என்றாலே உயிர், வாழ்வு. அம்பை வரைந்து உயிர் என்று படித்தார்கள். உயிரை யாரும் வரைய முடியாது, அம்பை வரையலாம். இந்தத் தந்திரம் கைக்கு வந்ததும் ஆட்களின் பெயர், வினைச்சொல், வேற்றுமை உருபு என்று எதையும் ஒலியால் எழுதலாம். சுமேரியத்தில் ஓரசைச் சொற்கள் நிறைய, பகுதியோடு ஒட்டுகள் சேரும் மொழி, அதனால் இது அங்கே நன்றாக வேலை செய்தது.

அப்ப பேசுறதை அப்படியே எழுத எப்ப ஆரம்பிச்சாங்க?

சுமார் கி.மு. 2600. கணக்கைப் பாருங்கள், முதல் பலகைக்கும் இதற்கும் 700 வருஷம் இடைவெளி. எழுத்து என்றாலே பேச்சைப் பதிவு செய்வது என்று நாம் நினைக்கிறோம், பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் எழுத்து பேச்சுக்காகப் பிறக்கவில்லை. முதல் பலகைகளில் வாக்கியமே கிடையாது. கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் எண், பொருள், ஆள். மளிகைக்கடைச் சிட்டையை யாரும் வாய்விட்டு வாசிப்பதில்லை, அதே மாதிரி. அந்தச் சிட்டைக்குள் மொழி கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து, இருபது முப்பது தலைமுறை கழித்துத்தான் ஒரு பாட்டை, ஓர் அறிவுரையைச் சொல்லுக்குச் சொல் எழுதும் நிலை வந்தது.

அதன்பின் வேகம் பிடித்தது. கி.மு. 2300 வாக்கில் 'ஊர்' என்றே பெயர் கொண்ட மெசப்பொத்தேமிய நகரத்தின் நிலாக் கடவுள் கோயிலில் தலைமைப் பூசகியாக இருந்த என்ஹெதுவன்னா, சார்கோன் அரசனின் மகள், பெயர் தெரிந்த முதல் கவிஞர் என்று சொல்லப்படுகிறார். அவர் பெயரில் வழங்கும் பாடல்களின் பிரதிகள் பிற்காலத்தவை, அதனால் அவரே எழுதினாரா என்ற விவாதம் உண்டு. ஆனால் அவர் இருந்தது உண்மை, அவர் உருவம் பொறித்த கல் வட்டு அந்த ஊர் நகரத்தில் கிடைத்திருக்கிறது. கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர், மட்டமான செம்பு கொடுத்துவிட்டாய், என் ஆளை அவமதித்து வெறுங்கையோடு அனுப்பினாய் என்று அதே ஊர் நகரத்தில் இருந்த ஏயா நாசிர் என்ற வியாபாரிக்கு எழுதிய கோபமான கடிதம் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு சாதாரண மனிதனின் கோபம் அப்படியே காதில் விழுகிறது. பார்லிக் கணக்கிலிருந்து இங்கே வந்து சேர 1500 வருஷம்.

எழுத்து எப்படி வந்துச்சுன்னு அவங்களே எதுவும் சொல்லியிருக்காங்களா?

ஒரு கதை இருக்கிறது. உரூக்கின் அரசன் என்மெர்கார், மலைகளுக்கு அப்பால் உள்ள அரட்டா என்ற நாட்டுக்குத் தூதன் மூலம் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறான். ஒரு கட்டத்தில் செய்தி நீண்டுவிட, தூதனுக்கு வாய் கனத்துத் திருப்பிச் சொல்ல வரவில்லை. அரசன் களிமண்ணைத் தட்டி அதில் சொற்களைப் பதித்தான், அதற்கு முன் அப்படி யாரும் செய்ததில்லை என்கிறது கதை. அழகான கதை, எழுத்து பிறந்த இடத்தைச் சரியாகச் சொல்கிறது. காரணத்தைத்தான் மாற்றிவிட்டது. கதை எழுதப்பட்ட காலத்தில் அவர்களுக்கும் எழுத்து என்றால் பேச்சு என்றே பழகிவிட்டிருந்தது.

எல்லாரும் படிச்சாங்களா? பள்ளிக்கூடம் இருந்துச்சா?

எல்லாரும் இல்லை, ஆனால் பள்ளி இருந்தது. சுமேரியத்தில் 'எதுப்பா', பலகை வீடு என்று பொருள். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் நிப்பூர் என்ற சுமேரிய நகரத்தில் அது பெரும்பாலும் ஒரு வாத்தியாரின் வீட்டு முற்றம்தான், நம் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி. உருண்டையான சின்னப் பலகையில் வாத்தியார் ஒரு வரி எழுதிக்கொடுப்பார், பிள்ளை அதைப் பார்த்து எழுதும். வாத்தியாரின் கை எது, பிள்ளையின் கை எது என்று இன்றைக்கும் பார்த்தவுடன் தெரிகிறது. பல் பதிந்த பலகைகூட நிப்பூரில் கிடைத்திருக்கிறது. ஒரு பாடக்கதையில் மாணவன் தாமதமாக வந்ததற்கும், கையெழுத்து சரியில்லை என்பதற்கும் அடி வாங்குகிறான், கடைசியில் அப்பா வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து விருந்தும் புதுத்துணியும் கொடுத்ததும் வாத்தியார் வாயாரப் புகழ்கிறார்.

எகிப்துதான் முதல்லன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. எது சரி?

1988-ல் குந்தர் டிரையர் தலைமையிலான ஜெர்மானியக் குழு எகிப்தின் அபிதோஸ் என்ற இடத்தில் ஒரு பழைய அரசனின் கல்லறையைத் தோண்டியது. நூற்றுக்கு மேற்பட்ட எலும்பு, தந்தச் சீட்டுகள், கயிறு கட்டத் துளையோடு கிடைத்தன. எண்கள் சிலவற்றில், பறவை, யானை போன்ற குறிகள் சிலவற்றில். காலம் கி.மு. 3200 சுற்றுவட்டாரம். உரூக்கின் பழைய பலகைகளும் குப்பைமேட்டில் கொட்டிக் கிடந்தவை, அவற்றின் காலத்தையும் வருஷம் பிசகாமல் சொல்ல முடியாது. நூறு வருஷ வித்தியாசத்துக்குப் பந்தயம் கட்டும் அளவுக்கு இரண்டு பக்கமும் ஆதாரம் இல்லை. அந்தச் சீட்டுகளும் பெரும்பாலும் சாமானோடு கட்டிய அடையாளச் சீட்டுகளே என்பதைக் கவனியுங்கள், அங்கேயும் சரக்குதான் முதலில்.

ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சாங்களா, தனித்தனியா கண்டுபிடிச்சாங்களா?

சீனாவும் மத்திய அமெரிக்காவும் தனித்தனி என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. சீனாவில் கி.மு. 1200-ஐ ஒட்டி ஆன்யாங்கில் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் ஆமை ஓட்டிலும் குறி கேட்டுப் பொறித்து வைத்தார்கள். 'மழை வருமா, பிள்ளைப்பேறு நல்லபடி நடக்குமா' என்று. அங்கே கணக்கு அல்ல, குறி கேட்பதே நமக்குக் கிடைத்த முதல் எழுத்து. அப்போதே முழு வளர்ச்சியோடு இருப்பதால் அதற்கு முன் மூங்கிலில் எழுதி அழிந்திருக்கலாம் என்கிறார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் எழுத்து வந்துவிட்டது, நாள்காட்டியோடும் அரசர்களோடும் ஒட்டியபடி. எகிப்துக்கு மெசப்பொத்தேமியாவோடு தொடர்பு இருந்தது, எழுதலாம் என்ற யோசனை வேண்டுமானால் போயிருக்கலாம். குறிகளில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

எழுத்தே இல்லாம பெரிய ராஜ்யம் நடத்த முடியாதா?

முடியும். தென் அமெரிக்காவின் இன்காக்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டு, பத்தடிமான எண்களைக் கயிற்றிலேயே வைத்து, ஆண்டெஸ் மலை நெடுக ஆண்டார்கள். கீப்பு என்று அதற்குப் பெயர்.

யாருக்கும் தெரியாத மொழியை எப்படிப் படிச்சாங்க? சும்மா அடிச்சு விடலாமே?

நியாயமான சந்தேகம், அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். முதல் திறப்பு 1802-ல். குரோட்டஃபெண்ட் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஈரானின் பெர்சிபோலிஸ் நகரத்து ஆப்பெழுத்துக் கல்வெட்டுப் படிகளை வைத்துக்கொண்டு, 'இன்னார், பேரரசன், அரசர்க்கரசன், இன்னாரின் மகன்' என்ற வாய்பாடு இருக்கும் என்று ஊகித்தார். ஒரு கல்வெட்டில் தந்தைக்கும் 'அரசன்' பட்டம் இருந்தது, இன்னொன்றில் தந்தைக்குப் பட்டம் இல்லை. அரசனாகாத தந்தைக்குப் பிறந்து அரசனானவர் தாரியஸ், அவர் மகன் செர்க்சஸ். பெயர்கள் பொருந்தின. அது பழைய பாரசீகம். அப்புறம் ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் தாரியஸ் பழைய பாரசீகம், பாபிலோனியம் உட்பட மூன்று மொழியில் வெட்டிவைத்த பெரிய கல்வெட்டை ராலின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி உயிரைப் பணயம் வைத்துப் படியெடுத்தார். அயர்லாந்தின் கிராமத்துப் பாதிரியார் ஹிங்க்ஸ் தன் வீட்டிலிருந்தபடியே பாபிலோனிய ஆப்பெழுத்து அசையெழுத்து என்று நிறுவினார்.

சந்தேகத்தைத் தீர்த்தது 1857-ல் நடந்த சோதனை. புதிதாகக் கிடைத்த ஓர் அசீரியக் கல்வெட்டை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பேர் ஆகிய நால்வரும் ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல் மொழிபெயர்த்து, உறையில் ஒட்டி லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் முக்கிய இடங்களில் நான்கும் ஒத்துப்போயின. சுமேரியம் அதன் பிறகுதான் தெரியவந்தது. அதைப் படிக்க உதவியவை பெருமளவு பள்ளிப் பிள்ளைகளுக்கான சுமேரிய, அக்காடிய (பாபிலோனியரும் அசீரியரும் பேசிய மொழி) இருமொழிச் சொற்பட்டியல்கள். மேலே சொன்ன பட்டியல் வழக்கத்தின் வாரிசுகள் அவை.

சிந்து சமவெளி எழுத்து தமிழா?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது, உணர்ச்சியோடு கேட்கப்படுவதும் இதுதான். அந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977-ல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளைப் பிரித்துக் காட்டினார். ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான், மேலே சொன்ன பெஹிஸ்தூன் மாதிரி நீண்ட பன்மொழிக் கல்வெட்டு எதுவும் இல்லை. அடியில் இருப்பது ஒரு திராவிட மொழி என்று கருதுவோருக்கு வலுவான எடுத்துக்காட்டு மீன் குறி. ஹீராஸ் பாதிரியார் முன்வைத்து, அஸ்கோ பர்ப்போலா விரித்துச் சொன்னது. மீன் என்றால் நீரில் நீந்துவது, மீன் என்றால் வானத்து விண்மீனும். ஆறு ஆடு என்றேனே, அதே தந்திரம். மனதுக்கு மிகவும் நெருக்கமான வாசிப்பு, ஆனால் இன்னும் நிரூபணம் இல்லை. அது எழுத்தே இல்லை என்று 2004-ல் வாதிட்டவர்களும் உண்டு.

நான் நம்பிக்கை வைத்திருப்பது மெசப்பொத்தேமியா மீதுதான். சிந்து முத்திரைகள் ஊர் நகரத்தில் கிடைத்திருக்கின்றன. சிந்துப் பகுதி என்று பொதுவாகக் கருதப்படும் மெலுஹாவின் மொழிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஷூ இலிஷு என்பவரின் அக்காடிய முத்திரை பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த ஆள் இருந்திருக்கிறார், அவர் இரண்டிலும் எழுதிய ஒரு பலகை எங்காவது புதைந்திருந்தால் போதும். 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் இந்தப் புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்.

தமிழ்தான் மூத்த மொழி, எழுத்து மட்டும் ஏன் பிந்தி வருது?

மொழி வேறு, எழுத்து வேறு. எந்த மொழியும் எழுதப்படுவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டு முன்பே பேசப்பட்டது, எழுத்து பிந்துவதால் மொழிக்கு ஒரு குறையும் இல்லை. அதே மாதிரி ஒரே ஆப்பெழுத்தில் சுமேரியம், அக்காடியம், ஹிட்டைட், எலாமியம் என்று உறவே இல்லாத மொழிகளை எழுதினார்கள். தமிழி என்றும் தமிழ் பிராமி என்றும் சொல்லும் எழுத்தில், மதுரை பக்கம் மாங்குளம் குகையில் நெடுஞ்செழியன் பெயரோடு உள்ளவை கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியவை. கீழடிப் பானையோடுகளைத் தமிழகத் தொல்லியல் துறை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது, அதன்மேல் விவாதம் நடக்கிறது. கீழடியில் என்னைக் கவர்வது வேறு. பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று சாதாரணப் பெயர்கள். கோயில் கணக்கரின் கைக்குள் அடங்காத எழுத்து அது.

ஏ பி சி டி எங்கேர்ந்து வந்துச்சு? அதுவும் படமா?

ஆமாம். சினாய் பாலைவனத்தில் செராபித் எல் காதிம் என்ற இடத்தில், எகிப்தியர்கள் நீலப் பச்சைக் கல் தோண்டிய சுரங்கத்தருகே, 1905-ல் பெட்ரி என்ற தொல்லியலாளரின் குழுவினர் சில விநோதக் கீறல்களைக் கண்டார்கள். அங்கே வேலைக்கு வந்த செமித்திய மொழி பேசுவோர் எகிப்தியப் படங்களை எடுத்துத் தம் மொழிச் சொல்லின் முதல் ஒலிக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தார்கள். 'அல்ப்' என்றால் மாடு, மாட்டுத்தலை அந்தச் சொல்லின் முதல் ஒலிக்கு. 'பெத்' என்றால் வீடு, வீட்டுப்படம் 'ப'வுக்கு. மீன் படம் போட்டு 'ம்' என்று படிப்பது மாதிரி. 1916-ல் கார்டினர் என்ற எகிப்தியல் அறிஞர் இதைக் கண்டுகொண்டு 'பாலத்', அதாவது தலைவி, என்ற சொல்லைப் படித்தார். ஆங்கில 'ஏ'வைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டு கொம்போடு அந்த மாடு இன்னமும் தெரியும்.

நூற்றுக்கணக்கான குறிகளை முப்பதுக்குள் சுருக்கியது அரண்மனை எழுத்தர்கள் அல்ல, சுரங்கத்திலும் பாதையிலும் இருந்த வெளியூர் ஆட்கள். இந்தக் கிளையிலிருந்து பினீசியம், கிரேக்கம், லத்தீன் ஒரு பக்கம், மேற்கு ஆசியாவில் பரவலாக வழங்கிய அரமேய மொழியின் எழுத்து இன்னொரு பக்கம். பிராமிக்கும் அரமேயம் தூண்டுதல் என்பது பல ஆய்வாளர் கருத்து, இங்கேயே உருவானது என்போரும் உண்டு.

ஆப்பெழுத்து ஏன் செத்துப்போச்சு?

அதே அரமேயத்தால்தான். இருபத்திரண்டு எழுத்து, மையும் தோலும் போதும், சில மாதத்தில் கற்கலாம். ஆப்பெழுத்துக்கோ சுமார் 600 குறி, வருஷக்கணக்கில் படிப்பு. கடைசியில் பாபிலோன், உரூக் கோயில்களின் வானியல் கணிப்பாளர்கள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பலகைகள் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. மூவாயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்த எழுத்து.

பிள்ளைங்களோட வீட்டுல செஞ்சு பார்க்க முடியுமா?

கட்டாயம் செய்யுங்கள். குயவரிடம் கொஞ்சம் பிசைந்த மண் வாங்கி, உள்ளங்கை அளவு தட்டிக்கொள்ளுங்கள். ஐஸ் குச்சியின் வட்ட முனையை நேராக வெட்டிவிட்டு, அதன் மூலையைச் சாய்த்து அழுத்துங்கள், இழுக்கக் கூடாது. ஆப்பு அப்படியே விழும். முதலில் எண் மட்டும் போடச் சொல்லுங்கள், வீட்டில் எத்தனை முட்டை, எத்தனை தேங்காய் என்று. அப்புறம் பொருளுக்கு ஒரு குறியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதன்பின் பலகையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து ஒன்றும் சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள், எங்கே இடறுகிறதோ அங்கே குறியை மாற்றுவார்கள். பலகையைச் சுட வேண்டாம். காய்ந்த பிறகு வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். நிப்பூர் வாத்தியார் வீட்டு முற்றத்திலும் பழைய பாடப் பலகைகளை ஊறவைக்கும் தொட்டி ஒன்று கிடைத்திருக்கிறது.